இன்டெல்லெகெரெ: 'உள்ளே படித்தல்' என்பதா, 'இடையே தெரிந்தெடுத்தல்' என்பதா?

மறுபயிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு லத்தீன் படிக்கத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. ஆசிரியர் இல்லை, ஓர் இலக்கணப் புத்தகமும் ஓர் அகராதியும் மட்டுமே துணை. ஒரே சொல்லில் இரண்டு ஐயங்கள் எழுந்து, இரண்டு வாரங்களாக அதைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறேன்.

கான்டர்பரி அன்செல்ம் என்னும் இறையியலாளர் 1077-78 அளவில் எழுதிய நூலுக்கு முதலில் வைத்த தலைப்பு 'ஃபிடேஸ் க்வைரேன்ஸ் இன்டெல்லேக்டும்'. 'புரிதலைத் தேடும் நம்பிக்கை' என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் என் புத்தகத்தின் வினை அட்டவணையில் 'புரிந்துகொள்' என்னும் வினையின் நான்கு முதன்மை வடிவங்கள் இன்டெல்லெகோ, இன்டெல்லெகெரெ, இன்டெல்லேக்ஸீ, இன்டெல்லேக்டும் என்று இருக்கின்றன. நான்காவது வடிவம் தலைப்பில் உள்ள சொல்லேதான். அந்த வடிவம் 'செய்வதற்காக' என்று நோக்கத்தைக் குறிக்கும் எச்சம் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அப்படியானால் தலைப்பின் பொருள் 'புரிந்துகொள்வதற்காகத் தேடும் நம்பிக்கை' என்றல்லவா ஆக வேண்டும்?

இரண்டாவது ஐயம் சொற்பிறப்பு பற்றியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தியானக் கூட்டத்தில், இந்தச் சொல் 'உள்ளே' என்னும் இன்டுஸ், 'படி' என்னும் லெகெரெ ஆகிய இரண்டும் சேர்ந்தது, ஆகவே புரிதல் என்பது பொருளின் உள்ளே படித்தல் என்று கேட்டேன். மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்ட விளக்கம் அது. அகராதியோ முன்னொட்டு 'இன்டெர்', அதாவது 'இடையே', என்கிறது. எதை நம்புவது?

குறில்நெடில் எழுதியது:

முதல் ஐயம் எளிதில் தீரும். இன்டெல்லேக்டும் என்னும் ஒரே உருவத்துக்குள் மூன்று வேறு சொற்கள் உள்ளன. ஒன்று, நீங்கள் குறிப்பிடும் நோக்க எச்சம். இரண்டு, 'புரிந்துகொள்ளப்பட்டது' என்னும் செயப்பாட்டு எச்சத்தின் அஃறிணை வடிவம். மூன்று, இன்டெல்லேக்டுஸ் என்னும் பெயர்ச்சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்ற வடிவம். அன்செல்மின் தலைப்பில் இருப்பது மூன்றாவது.

நோக்க எச்சம் எல்லா வினைகளோடும் வராது. போதல், வருதல், அனுப்புதல் போன்ற இயக்க வினைகளோடுதான் வரும். 'குபிடும் எயோ' என்றால் 'படுக்கப் போகிறேன்'. நம்முடைய 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் இந்த இடத்தில் அச்சுப் பிசகாமல் பொருந்துவதைப் பாருங்கள். 'க்வைரேன்ஸ்', அதாவது 'தேடுகின்ற', இயக்க வினை அன்று. தனக்கு ஒரு செயப்படுபொருளைக் கேட்கும் வினை. 'எதைத் தேடுகிறது?' என்ற கேள்விக்கு விடை 'இன்டெல்லேக்டும்', புரிதலை. லத்தீன் விவிலியத்தின் 118ஆம் சங்கீதத்தில் (எபிரேய எண்ணிக்கையில் 119) 'டா மிஹி இன்டெல்லேக்டும்' என்று வருகிறது. 'எனக்குப் புரிதலைத் தாரும்' என்னும் அந்த இடத்திலும் 'தா' என்ற வினையோடு நோக்க எச்சம் வர வழியில்லை. பெயர்ச்சொல்தான் வர முடியும்.

பெயர்ச்சொல்லான இன்டெல்லேக்டுஸ் நான்காம் பெயர் வாய்பாட்டைச் சேர்ந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். எழுவாயாக வரும்போது ஈறு குறில், இன்டெல்லேக்டுஸ். 'புரிதலின்' என்று ஆறாம் வேற்றுமையில் வரும்போது நெடில், இன்டெல்லேக்டூஸ். ரோமன் எழுத்தில் இரண்டையும் வழக்கமாக ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள். படிக்கத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் அது. தமிழ் எழுத்தில் எழுதினால் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு சிறு இடைச்செருகல். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் வேறுபடுத்தி எழுதும் முறையை வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர்தான் கொடுந்தமிழுக்கு லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதியவர். 1738இல் அதை அச்சிட்டது தரங்கம்பாடியில் இருந்த லூத்தரன் மிஷன் அச்சகம் என்பது தனிச் சுவை. ஒரு சேசு சபைக் குருவின் நூல் மாற்றுச் சபையாரின் அச்சில் ஏறியிருக்கிறது. அந்த எகர ஏகார வேறுபாடு நம்முடைய இந்த இழைக்கு எவ்வளவு தேவை என்பது இரண்டாவது ஐயத்துக்கு வரும்போது தெரியும். அதை இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

குறில்நெடில் ஐயா எழுதுவதற்கு முன், அந்த 'உள்ளே படித்தல்' விளக்கத்தின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் 1960களின் தொடக்கத்தில் குருமடத்தில் லத்தீன் படித்தவன். பூசையும் லத்தீனில், இறையியல் பாடநூலும் லத்தீனில் இருந்த கடைசித் தலைமுறை எங்களுடையது. பிறகு நான் குருவாகவில்லை. லத்தீன் மட்டும் தங்கிவிட்டது.

அந்த விளக்கம் தியானக் கூட்டத்தில் பேசியவரின் கற்பனை அன்று. தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருந்தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், எட்டாம் வினாவின் முதல் கட்டுரையில் எழுதியிருப்பது. அங்கே அவர் பேசுவது தூய ஆவியின் ஏழு கொடைகளுள் ஒன்றாகிய இன்டெல்லேக்டுஸ் பற்றி. எங்கள் பழைய ஞானோபதேசத்தில் 'ஞானம், புத்தி' என்று தொடங்கும் வரிசையை மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் 'புத்தி' என்று வருவது இந்தச் சொல்லின் மொழிபெயர்ப்புத்தான். புலனறிவு பொருளின் வெளிப்பண்புகளோடு நின்றுவிடுகிறது, புத்தியோ பொருளின் சாரம்வரை ஊடுருவிச் செல்கிறது என்பது அவருடைய வாதம். அதற்குத் துணையாகத்தான் 'இன்டுஸ் லெகெரெ' என்கிறார்.

ஆனால் அவர் வாக்கியத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும். 'க்வாஸி இன்டுஸ் லெகெரெ' என்பதே அவர் சொற்கள். 'க்வாஸி' என்றால் 'போல', 'என்றாற்போல'. இந்தச் சொல் இப்படித்தான் பிறந்தது என்று அவர் சத்தியம் செய்யவில்லை. 'உள்ளே படிப்பது போன்றது' என்கிறார். பின்னால் வந்தவர்கள் உவமஉருபை விட்டுவிட்டு உவமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

குறில்நெடில் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா சுட்டிய 'க்வாஸி' முக்கியமானது, அதற்கு நன்றி. இனிச் சொற்பிறப்புக்கு வருகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

முன்னொட்டு இன்டெர் என்பதில் ஐயமில்லை. 'இன்டெர்' என்பதன் ஈற்று ரகரம், பின்னால் வரும் லகரத்தைப் பார்த்துத் தானும் லகரமாகத் திரிந்து 'இன்டெல்' ஆயிற்று. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது போன்ற மெய்த்திரிபே இதுவும். 'பெர்' என்னும் முன்னொட்டோடு லெகோ சேர்ந்த 'பெர்லெகோ', 'பெல்லெகோ' என்றும் எழுதப்பட்டது இதற்கு நல்ல சான்று. இன்டுஸ் என்பதிலிருந்து தொடங்கினால் இரட்டை லகரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்து லெகெரெ. இதை 'படி' என்று மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் சிக்கலே தொடங்குகிறது. படித்தல் என்பது இந்த வினையின் பிற்காலப் பொருள். அடிப்படைப் பொருள் பொறுக்குதல், சேர்த்தல், தெரிந்தெடுத்தல். விறகைக் குறிக்கும் 'லிக்னும்' இதே வேரிலிருந்து வந்தது. பொறுக்கிச் சேர்ப்பது என்பதால் அந்தப் பெயர். படைப்பிரிவைக் குறிக்கும் 'லெகியோ' தெரிந்தெடுக்கப்பட்ட வீரர்களின் தொகுதி. இதன் உறவான கிரேக்க 'லெகோ' பொறுக்குதலில் தொடங்கி எண்ணுதல் வழியாகச் சொல்லுதலுக்குப் போயிற்று. லத்தீனில் பொறுக்குதல் எழுத்துகளைக் கண்ணால் பொறுக்கிச் சேர்ப்பதாகி, படித்தல் ஆயிற்று. ஆகவே இன்டெல்லெகெரெ என்னும் கூட்டுச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது, பலவற்றின் இடையே நின்று இது வேறு, அது வேறு என்று பிரித்தெடுத்தல். புத்தகமோ வாசிப்போ அந்தச் சொல்லுக்குள் தேவையில்லை.

எகரத்துக்கு வருவோம். லத்தீனில் ஒரு பழைய ஒலிவிதி உண்டு: முன்னொட்டுச் சேர்ந்தவுடன் வேர்ச்சொல்லின் குற்றெழுத்து மெலிந்து இகரமாகும். 'பிடித்திரு' என்னும் டெனெயோ, கொன்டினெயோ ஆகிறது. லெகோவும் அப்படியே: 'ஒன்றுசேர்' என்பது கொல்லிகோ, 'தெரிந்தெடு' என்பது ஏலிகோ, 'நேசி' என்பது டீலிகோ. இந்த விதிப்படி நம் சொல் 'இன்டெல்லிகோ' என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் செவ்வியல் கால வடிவம் இன்டெல்லெகோ. இகர வடிவம் பின்னாளில் பரவி, இடைக்கால ஏடுகளில் நிலைத்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், இன்று 'இன்டெலிஜென்ஸ்' என்று நம் நாக்கிலும் இருக்கிறது. 'புறக்கணி' என்னும் நெக்லெகோவும் இதே போல எகரத்தை விடாமல் வைத்திருக்கிறது. பேசியவர்கள் உள்ளே லெகோ இருப்பதை உணர்ந்துகொண்டே இருந்ததால் வேர் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டது என்பது வழக்கமான விளக்கம்.

இறந்தகாலத்தில் இதைவிட வேடிக்கை இருக்கிறது. லெகோவின் இறந்தகாலம் லேகீ. குறில் நெடிலாவதுதான் காலம் காட்டுகிறது. ரோமன் எழுத்தில் மறைந்துபோகும் இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒரு கொம்பு காட்டிவிடுகிறது. கொல்லிகோ கொல்லேகீ ஆகிறது, ஏலிகோ ஏலேகீ ஆகிறது. ஆனால் இன்டெல்லெகோ 'இன்டெல்லேகீ' ஆகாமல் 'இன்டெல்லேக்ஸீ' ஆகிறது. நெக்லெகோவும் டீலிகோவும் அப்படியே, நெக்லேக்ஸீ, டீலேக்ஸீ. ஒரே வேர் என்று நாம் நினைக்கும் குடும்பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் வேறு சாயல். மூன்றும் மனம் சார்ந்த சொற்கள் என்பதையும் கவனியுங்கள்: புரிந்துகொள், புறக்கணி, நேசி. இதைக் கண்ட சில மொழியியலாளர்கள், இம்மூன்றிலும் இருப்பது 'பொறுக்கு' என்னும் லெகெரெ அன்று, 'அக்கறை கொள்' என்னும் பொருளுடைய கிரேக்க 'அலெகோ'வுக்கு உறவான வேறொரு பழைய வேர் என்று கருதினார்கள். இந்தக் கருத்து எனக்குக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆயினும் நான் முழுமையாக அந்தப் பக்கம் சாயவில்லை. இறந்தகால உருவங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று மாறிக்கொள்வது லத்தீனில் புதிதன்று.

ரோமானியர்கள் தாங்களே என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. சிசெரோ பொ.ஆ.மு. 45இல் எழுதிய தெய்வங்களின் இயல்பு பற்றிய உரையாடலின் இரண்டாம் புத்தகத்தில், பால்புஸ் என்னும் பாத்திரம் சமயப்பற்றைக் குறிக்கும் 'ரெலிகியோஸுஸ்' என்ற சொல்லை விளக்குகிறது. வழிபாட்டுக்குரியவற்றை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது; தெரிந்தெடுப்பதால் 'எலெகன்டேஸ்', அக்கறையோடு இருப்பதால் 'டீலிகென்டேஸ்', புரிந்துகொள்வதால் 'இன்டெல்லெகென்டேஸ்' என்று பெயர் வந்தாற்போல; இவை எல்லாவற்றுக்குள்ளும் லெகெரெயின் ஆற்றல் ஒன்றே என்கிறது. பிற்காலத்தில் லாக்டான்டியுஸ் என்னும் கிறித்தவ எழுத்தாளர் சமயச் சொல்லைப் பொறுத்தவரை இதை மறுத்து, 'கட்டு' என்னும் வினையிலிருந்து வருவித்தார் என்பது வேறு வழக்கு. நம் சொல்லைப் பொறுத்தவரை, சிசெரோவின் காதுக்கு இன்டெல்லெகெரெக்குள் லெகெரெ கேட்டது. எகரம் பிழைத்திருந்ததற்கும் அதுவே காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

தெரிவினை எழுதியது:

நான் தமிழாசிரியன், லத்தீன் அறியேன். ஆனால் 'இடையே நின்று பிரித்தெடுத்தல்' என்று படித்தவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நம்முடைய 'தெரி' அதைத்தானே செய்கிறது? 'எனக்குத் தெரியும்' என்பதும் தெரி. 'தெரிந்தெடு', 'தெரிவு' என்பவையும் தெரி. அரிசியில் கல் தெரிவது கண்ணுக்கு, கல்லைத் தெரிந்தெடுப்பது கைக்கு; சொல் ஒன்றுதான். 'தெரிந்து செயல்வகை', 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று திருக்குறளில் மூன்று அதிகாரங்கள். அவற்றுள் 'திறம்தெரிந்து தேறப் படும்' என்று 501ஆம் குறள் சொல்லும் இடத்தில், தெரிதல் என்பது ஆராய்தலா, தேர்ந்தெடுத்தலா, அறிதலா என்று மாணவர் கேட்டால் நான் மூன்றும் என்றுதான் சொல்வேன்.

குறில்நெடில் எழுதியது:

மிக நல்ல ஒப்பீடு. இரண்டு மொழிகளுக்கும் உறவு இருப்பதாக யாரும் இதிலிருந்து கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக மட்டும் ஒரு வரி: உறவில்லாத இரு மொழிகள் ஒரே பாதையில் தனித்தனியே நடந்திருக்கின்றன, அவ்வளவுதான். இன்டெல்லெகெரெயை 'உள்ளே படித்தல்' என்று விளக்குவதைவிட, 'தெரி என்பது போல' என்று ஒரு தமிழ் மாணவனுக்குச் சொன்னால் அவன் உடனே பிடித்துக்கொள்வான்.

கடற்கரையோன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'விளங்குகிறது' என்போம். 'புரிகிறது' என்பது எங்களுக்குப் பெரும்பாலும் இந்தியத் திரைப்படத்தின் வழியாக வந்த சொல். விளங்குதல் என்றால் ஒளிர்தல். அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்துப் புரிதல் கையால் செய்வதன்று, வெளிச்சத்தால் வருவது. லத்தீனில் கை சார்ந்த சொல் ஏதும் இல்லையா?

பழஞ்சுவடி எழுதியது:

உண்டு, நண்பரே. 'கொம்ப்ரெஹென்டெரெ' என்பது சேர்த்துப் பிடித்தல். மனத்தால் பிடிப்பதற்கும் அதுவே சொல். ஸ்டோயிக் என்னும் கிரேக்க மெய்யியல் மரபைத் தொடங்கிய ஸீனோ இதைக் கையாலேயே செய்து காட்டுவார் என்று சிசெரோ எழுதுகிறார். விரல்களை நீட்டி உள்ளங்கையைக் காட்டி, 'மனத்தில் தோன்றும் காட்சி இப்படிப்பட்டது' என்பாராம். விரல்களைச் சற்று மடக்கி, 'இது இசைவு'. முழுவதும் மடக்கி முட்டியாக்கி, 'இது பிடிப்பு'. பிறகு இடக்கையைக் கொண்டுவந்து அந்த முட்டியை இறுக்கிப் பிடித்து, 'இதுதான் அறிவு. ஞானியைத் தவிர யாரிடமும் இல்லை' என்பாராம். எங்கள் மெய்யியல் ஆசிரியர் வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது பின்வரிசையில் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாடத்தில் நினைவிருப்பது அந்த முட்டி ஒன்றுதான்.

இன்டெல்லெகெரெ அப்படி இறுக்கும் சொல் அன்று. பிரித்துப் பார்க்கும் சொல். பெயர்ச்சொற்களிலும் ஒரு வரலாறு உண்டு. சிசெரோவின் கைக்கு இயல்பாக வருவது 'இன்டெல்லெகென்டியா'. இன்டெல்லேக்டுஸ் அவர் காலத்துக்குப் பின், பொ.ஆ. முதல் நூற்றாண்டிலிருந்துதான் நன்கு புழங்குகிறது. கிரேக்க 'நூஸ்' என்பதற்கும் பின்னர் அரபு 'அக்ல்' என்பதற்கும் மொழிபெயர்ப்பாகி, 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகமே இரண்டுபட்டு நின்ற சொல் ஆயிற்று. மனிதர் அனைவருக்கும் இன்டெல்லேக்டுஸ் ஒன்றுதானா, ஆளுக்கு ஒன்றா என்பதே சண்டை. 1270இல் அக்குவினாஸ் அதற்காகத் தனி நூலே எழுதினார்.

மறுபயிலி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் இரண்டு ஐயங்களும் தீர்ந்தன. மூன்றாவது ஒன்று முளைத்துவிட்டது. 'எனக்குப் புரிகிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை லத்தீனில் எழுதும்போதெல்லாம் 'மிஹி' என்று தொடங்கிவிட்டு அடிக்கிறேன். இந்த வினையை வைத்து வாக்கியம் அமைப்பது எப்படி? அன்செல்மிடம் 'இன்டெல்லிகம்' என்று இரண்டு இடங்களில் பார்த்தேன். ஓரிடத்தில் நோக்கம் என்றும் ஓரிடத்தில் எதிர்காலம் என்றும் குறிப்பு சொல்கிறது. அச்சுப் பிழையோ என்று நினைத்தேன்.

குறில்நெடில் எழுதியது:

அச்சுப் பிழை அன்று. முதலில் 'மிஹி' பற்றி: தமிழில் புரிதல் நம்மிடம் வந்து சேர்வது, ஆகவே 'எனக்கு'. லத்தீனில் அதை ஆள் செய்கிறான், ஆகவே எழுவாய் 'நான்'. 'நான் புரிந்துகொள்கிறேன்' என்று தமிழிலேயே மாற்றி நினைத்துவிட்டு எழுதுங்கள், அடித்தல் குறையும்.

புரிந்துகொள்ளப்படுவது ஒரு பொருளானால் இரண்டாம் வேற்றுமை போதும். ஒரு செய்தியானால், அந்தச் செய்தியின் எழுவாய் இரண்டாம் வேற்றுமை ஏற்று, அதன் வினை காலங்காட்டும் ஈற்றை இழந்து 'செய்தல்' வடிவத்துக்குப் போகும். 'நீ தவறுகிறாய் என்று புரிந்துகொள்கிறேன்' என்பதை 'உன்னைத் தவறுதல் புரிந்துகொள்கிறேன்' என்பது போல அமைக்க வேண்டும். நாம் 'என்று' போட்டு முழு வாக்கியத்தையும் அப்படியே உள்ளே வைத்துவிடுவோம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே வருவது கேள்வியானால் வினை வேறு பாங்குக்கு மாறும். சிசெரோ ஸ்டோயிக் முரணுரைகளில் 'சிக்கனம் எவ்வளவு பெரிய வருவாய் என்பதை மனிதர்கள் புரிந்துகொள்வதில்லை' என்கிறாரே, அந்த இடத்தில் 'இருக்கிறது' என்பதற்கு 'எஸ்ட்' வராது, 'ஸிட்' வரும்.

இனி அன்செல்ம். மூன்றாம் வினை வாய்பாட்டில் 'நான்' என்னும் இடத்துக்கு எதிர்கால வடிவமும், நோக்கம் முதலியவற்றைக் காட்டும் பாங்கின் நிகழ்கால வடிவமும் ஒன்றே. அவர் முதல் அதிகாரத்தின் முடிவில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். 'க்ரேடோ உட் இன்டெல்லிகம்': புரிந்துகொள்வதற்காக நம்புகிறேன். 'உட்' இருப்பதால் நோக்கம். உடனே அடுத்து, 'நிஸி க்ரேடிடெரோ, நோன் இன்டெல்லிகம்': நம்பாவிட்டால் புரிந்துகொள்ள மாட்டேன். இங்கே எதிர்காலம். அவர் எழுத்தில் இகரம் இருப்பதையும் பாருங்கள், 11ஆம் நூற்றாண்டு.

பழஞ்சுவடி எழுதியது:

அந்த இரண்டாவது வாக்கியம் அவருடைய சொந்தச் சரக்கு அன்று. எசாயா 7:9இன் எதிரொலி. அதையே அகுஸ்தினார் அடிக்கடி எடுத்தாள்வார். ஆனால் இன்றைய விவிலியத்தைத் திறந்து அங்கே 'புரிந்துகொள்ள மாட்டீர்கள்' என்று தேடினால் கிடைக்காது; 'நிலைத்திருக்க மாட்டீர்கள்' என்ற பொருளில்தான் இருக்கும். எபிரேயத்தில் உள்ளது அதுவே. கிரேக்க மொழிபெயர்ப்பில் 'புரிந்துகொள்ள மாட்டீர்கள்' என்று ஆகி, அதிலிருந்து பழைய லத்தீனுக்கு 'நோன் இன்டெல்லெகேடிஸ்' என்று வந்தது. ஜெரோம் எபிரேயத்தைப் பார்த்து 'நோன் பெர்மனேபிடிஸ்' என்று திருத்தினார். அகுஸ்தினார் இரண்டு பாடங்களையும் அறிந்திருந்தார். இரண்டிலும் பயனுண்டு என்று எழுதியும் வைத்தார். திருத்தப்பட்ட பாடம் திருச்சபை எங்கும் பரவிய பிறகும், திருத்தப்படாத பாடத்தின் மேல்தான் அன்செல்ம் தம் நூலின் தலைப்பைக் கட்டியிருக்கிறார்.

குறில்நெடில் எழுதியது:

இதுவரை ஏட்டு லத்தீனைப் பற்றியே பேசினோம். மக்கள் வாயில் இந்தச் சொல் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் அன்றாடப் பேச்சில் வேறு வினைகள் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன; 'இன்டெலிஜென்ஸ்' போன்றவை படித்தவர்கள் ஏட்டிலிருந்து திரும்ப எடுத்தவை. ருமேனிய மொழியிலோ 'இன்ட்செலெஜெ' என்று இன்றும் தெருவில் புழங்குகிறது. அதன் முதல் உயிர் நம் குற்றியலுகரத்துக்கு நெருக்கமான ஓர் ஒலி. 'அறிவுள்ளவர்' என்பதற்கு அங்கே 'இன்ட்செலெப்ட்'. இது இன்டெல்லேக்டுஸ் என்பதன் நேர் வாரிசு. நடுவில் பகரம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். லத்தீனின் 'க்ட்' ருமேனியத்தில் 'ப்ட்' ஆவது விதி: எட்டு என்னும் 'ஒக்டோ' அங்கே 'ஒப்ட்'. சுவிட்சர்லாந்தின் ரொமான்ஷ் மொழியிலும் 'என்க்லெஜெர்' என்று ஒரு கிளை பிழைத்திருக்கிறது.

பழஞ்சுவடி எழுதியது:

மறுபயிலி ஐயாவுக்குப் பயிற்சிக்காக ஒரு வரி தருகிறேன். பொ.ஆ.மு. 166இல் மேடையேறிய, டெரன்ஸ் என்னும் ரோமானிய நாடகாசிரியரின் முதல் நாடகத்தின் முன்னுரையில் உள்ளது. மெனாண்டரின் இரண்டு கிரேக்க நாடகங்களைக் கலந்து ஒன்றாக்கிவிட்டார் என்று குறை சொன்ன மேதாவிகளுக்கு அவருடைய பதில்: 'ஃபகியுன்ட்னெ இன்டெல்லெகெண்டோ, உட் நில் இன்டெல்லெகன்ட்'. முதல் சொல் 'செய்கிறார்கள்' என்னும் வினை. இன்டெல்லெகெண்டோ என்பது 'புரிந்துகொள்வதால்' என்று கருவிப்பொருளில் வரும் தொழிற்பெயர். 'நில்' என்றால் ஒன்றுமில்லை. தமிழாக்கிப் பாருங்கள். நம் சொல் ஒரே வரியில் இரண்டு முறை வருவதுதான் இதன் அழகு. தமிழிலும் அது இரண்டு முறை வர வேண்டும்.

மறுபயிலி எழுதியது:

தெரிவினை ஐயாவின் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: 'எல்லாம் தெரிந்து தெரிந்தே ஒன்றும் தெரியாதவர்கள் ஆகிறார்கள்.' சரிதானா?

பழஞ்சுவடி எழுதியது:

நன்று; அந்த 'தெரிந்து தெரிந்தே' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் வினையின் வாலில் ஒட்டியிருக்கும் 'னெ' எங்கே போயிற்று? அது நம் ஆகார வினாவைப் போல, சொல்லின் ஈற்றில் ஒட்டிக் கேள்வி கேட்கும் இடைச்சொல்.

மறுபயிலி எழுதியது:

மன்னிக்கவும், பார்க்கத் தவறிவிட்டேன். 'எல்லாம் தெரிந்து தெரிந்தே ஒன்றும் தெரியாதவர்கள் ஆகிறார்களா?'